வலிக்காத பல்லில் வந்த ரத்தம்

2021 தீபாவளி முடிந்த வாரம். கீழ் இடப்பக்கக் கடைவாய்ப் பல்லுக்கும் அதற்கு முன்னால் இருக்கும் பல்லுக்கும் நடுவில் முறுக்குத் துண்டு ஒன்று மாட்டிக்கொண்டது. நாக்கால் தள்ளிப் பார்த்தேன், வரவில்லை. பல் இடுக்கில் விடும் குட்டி பிரஷ் ஒன்றை மகள் வாங்கிக் குளியலறை அலமாரியில் வைத்திருந்தாள், அதை எடுத்து உள்ளே விட்டு இழுத்தேன். முறுக்கு வந்தது. கூடவே பிரஷ் முழுக்க ரத்தம், முகர்ந்தால் அழுகின வாடை. அது என் சொந்தப் பல் இல்லை, 2016இல் போட்ட இம்பிளாண்ட், அதாவது தாடை எலும்பில் டைட்டேனியம் திருகாணி ஒன்றைப் பதித்து அதன் மேல் மாட்டிய செயற்கைப் பல். வலி துளிகூட இல்லை. கடித்தாலும் இல்லை, விரலால் அழுத்தினாலும் இல்லை.

உப்புத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டுப் படுத்துவிட்டேன். நாலு மாதம் கழித்துத்தான் டாக்டரிடம் போனேன். அந்த நாலு மாதத்தை நினைத்தால் இப்போதும் மனசு கஷ்டப்படுகிறது, இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான். இம்பிளாண்ட் போட்டவர்கள், போடலாமா என்று யோசிப்பவர்கள், அப்பா அம்மாவுக்குச் செலவு செய்து போட்டுவிட்ட பிள்ளைகள் யாராவது இதைப் படித்துவிட்டு இன்று ராத்திரி விளக்கைப் போட்டு, கண்ணாடி முன்னால் நின்று, அந்தப் பல்லைச் சுற்றி ஒருமுறை பார்த்தால் போதும் எனக்கு.

நான் இருப்பது மலேசியாவில், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்தில். தீவில் இருக்கும் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் 26 வருஷம் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்தேன், கம்பெனி பஸ்ஸில் பாலம் தாண்டிப் போய் மூன்று ஷிப்டும் பார்த்தவள். இனிப்பு நீர் (நீரிழிவு) 43 வயதில் வந்தது. ஈறு கெட்டது அதற்கும் முன்னால். முப்பத்தைந்து வயசிலேயே பல் தேய்த்தால் ரத்தம் வரும், உடம்புச் சூடு என்று நினைத்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தேன். அப்படியே கீழே இரண்டு கடைவாய்ப் பற்கள் ஆட ஆரம்பித்து, கடைசியில் பிடுங்க வேண்டியதாகிவிட்டது. இரண்டும் பூச்சி அரித்த பல் கிடையாது, சுற்றியிருந்த எலும்பு கரைந்துபோனதால் போனவை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஈறு நோயால் பல்லை இழந்தவர்களுக்குத்தான் இம்பிளாண்டைச் சுற்றியும் அதே தொல்லை வரும் வாய்ப்பு அதிகம். வாய் அதே வாய், கிருமியும் அதே கிருமி. மற்ற பற்களைச் சுற்றி இருக்கும் ஈறு நோயை முதலில் அடக்கிவிட்டுத்தான் இம்பிளாண்ட் போட வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

கீழே இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று போட்டேன். ஒன்றுக்கு 6,500 வெள்ளி (மலேசிய ரிங்கிட்), தவணையில் கட்டினேன். போட்ட கிளினிக்கில் கடைசி நாள் “சொந்தப் பல் மாதிரி நல்லா தேய்ங்க” என்றார்கள், அவ்வளவுதான். மறுபடி எப்போது வரவேண்டும், எதால் தேய்க்க வேண்டும், எந்த இடத்தில் அழுக்கு சேரும் என்று ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. டைட்டேனியம் துருப்பிடிக்காது, பூச்சி அரிக்காது, ஆயுசுக்கும் இருக்கும் என்பதை மட்டும் மனசில் பிடித்துக்கொண்டேன். அதில் பொய்யும் இல்லை. டைட்டேனியம் எலும்போடு ஒட்டிக்கொள்கிறது என்பதை ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் பிரோனேமார்க் 1952 வாக்கில் முயல் எலும்பில் பார்த்தார், 1965இல் முதன்முதலாக ஒரு மனிதர் வாயில் பொருத்தினார். அந்த முதல் நோயாளி 2006இல் இறக்கும்வரை, நாற்பது வருஷத்துக்கு மேல், அந்தப் பல்லோடுதான் சாப்பிட்டார். ஆக உலோகம் நிற்கும். அதைப் பிடித்திருக்கும் எலும்பும் ஈறும் நிற்குமா என்பது நம் கையில் இருக்கிறது.

சொந்தப் பல் எலும்பில் நேராக ஒட்டியிருப்பதில்லை. நடுவில் மெல்லிய நார்ப் படலம் ஒன்று இருக்கிறது, அதில் நரம்பும் ரத்தக் குழாயும் ஓடுகின்றன. ஈறின் நார்களும் வேருக்குள் குறுக்காக இறங்கிப் பல்லைக் கட்டிப்போட்டிருக்கும். இம்பிளாண்டுக்கு அந்தப் படலமே கிடையாது. எலும்பு நேராக உலோகத்தைப் பிடித்திருக்கிறது, ஈறின் நார்களோ உள்ளே இறங்க இடமில்லாமல் கையில் வளையல் கிடப்பது மாதிரிச் சுற்றிலும் நிற்கின்றன. ரத்த ஓட்டமும் அந்த இடத்தில் குறைவு. அதனால் கிருமிப் படலம் ஈறுக்குக் கீழே போய்விட்டால் தடுப்பு பலமாக இல்லை, எலும்புவரை சீக்கிரம் போய்விடும். பல்லில் இருந்து எச்சரிக்கை கொடுக்கிற நரம்பும் அங்கே இல்லை. வலிக்கட்டும் பார்க்கலாம் என்று இருந்தால் பெரும்பாலும் அந்த வலி வரவே வராது.

இதில் இரண்டு கட்டம் இருக்கிறது. முதல் கட்டத்தில் ஈறு மட்டும் வீங்கிச் சிவந்திருக்கும், தொட்டால் ரத்தம் வரும், எலும்பு அப்படியே இருக்கும். டாக்டர்கள் இதைப் பெரி-இம்பிளாண்ட் மியூகோசைட்டிஸ் என்கிறார்கள். இந்தக் கட்டத்தில் பிடித்துவிட்டால் ஈறு பழையபடி திரும்பிவிடும். அடுத்த கட்டம் பெரி-இம்பிளான்டைட்டிஸ், அதாவது எலும்பும் கரைய ஆரம்பித்துவிட்டது. கரைந்த எலும்பு தானாகத் திரும்புவதில்லை, போகப் போக வேகமும் கூடும். என் வாயில் அன்றைக்கு இரண்டு கட்டமும் இருந்தன, வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் மற்றொன்று.

2022 மார்ச்சில் தீவில் இருக்கும் ஜார்ஜ்டவுனில் ஈறு சிகிச்சை மட்டுமே பார்க்கும் ஒரு டாக்டரிடம் போனேன். சின்ன வயசுப் பெண், நம் தமிழ்ப் பிள்ளை. அதற்கு முன்னால் பல் டாக்டரைப் பார்த்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. 2020 மார்ச் 18ஆம் தேதி கோவிட்டுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததைச் சொன்னேன். “அதுக்கு முன்னாடி ஆண்ட்டி?” என்று மெதுவாகக் கேட்டாள். முன்னாடியும் போகவில்லை.

அவள் செய்த முதல் வேலை அளப்பது. மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பி, நுனி மழுங்கினது. அதை இம்பிளாண்டுக்கும் ஈறுக்கும் நடுவில் மெல்ல விட்டு, ஒவ்வொரு இம்பிளாண்டைச் சுற்றியும் ஆறு இடத்தில் அளந்து எண் சொல்ல, பக்கத்தில் நர்ஸ் எழுதிக்கொண்டே வந்தாள். வலப்பக்கம் “மூணு, மூணு, நாலு, நாலு, மூணு, நாலு, ரத்தம் இருக்கு.” இடப்பக்கம் போனதும் குரல் மாறிவிட்டது. “அஞ்சு, ஆறு, ஏழு.” அங்கே நிறுத்தி ஈறை வெளியிலிருந்து விரலால் லேசாக அழுத்தினாள். “சீழ்.” வாயைத் திறந்தபடி படுத்திருந்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இருபத்தாறு வருஷம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் பெட்டியைத் திருப்பி அனுப்பினவள் நான். என் வாயில் இருக்கிற பொருளை ஆறு வருஷமாக ஒருத்தரும் அளக்கவில்லை, அளக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை.

அளந்தால் இம்பிளாண்ட் கெட்டுவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். கெடாது. அளக்காமல் இந்த நோயைக் கண்டுபிடிக்கத்தான் வழி இல்லை.

பிறகு எக்ஸ்ரே. இடப்பக்க இம்பிளாண்டின் மேல் பகுதியில் நாலு மரை எலும்புக்கு வெளியே நின்றது, கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் எலும்பு போய்விட்டது. “பழைய எக்ஸ்ரே இருக்கா ஆண்ட்டி?” என்று கேட்டாள். இல்லை. போட்ட கிளினிக் அதற்குள் இடம் மாறிப்போயிருந்தது, இரண்டு முறை தேடிப்போயும் என் கோப்பு கிடைக்கவில்லை. பல்லைப் பொருத்திய முதல் வருஷத்தில் எலும்பு கொஞ்சம் இறங்குவது வழக்கம்தானாம், அதற்கு மேல் இறங்கினால்தான் கவலை. ஆரம்பத்தில் எந்த மட்டத்தில் இருந்தது என்று தெரியாவிட்டால் எவ்வளவு போயிருக்கிறது, எவ்வளவு வேகத்தில் போகிறது என்று எப்படிச் சொல்வது? என் விஷயத்தில் ஆழம் 6 மில்லிமீட்டருக்கு மேல், ரத்தம், சீழ், எக்ஸ்ரேயில் 3 மில்லிமீட்டர் பள்ளம் எல்லாம் சேர்ந்திருந்ததால் பழைய படம் இல்லாமலே முடிவு சொல்ல முடிந்தது.

ஆகவே தயவுசெய்து, மேல் பல் (திருகாணிக்கு மேலே மாட்டும் செயற்கைப் பல்) பொருத்துகிற அன்று எடுக்கும் எக்ஸ்ரேயின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அன்று எடுக்காவிட்டால் எடுக்கச் சொல்லுங்கள். ஒரு வருஷம் கழித்து இன்னொன்று. இம்பிளாண்ட் எந்த பிராண்ட், விட்டம் எவ்வளவு, நீளம் எவ்வளவு, மேல் பல்லை ஸ்குரூ போட்டு மாட்டினார்களா சிமெண்ட் வைத்து ஒட்டினார்களா என்பதையும் எழுதி வாங்குங்கள். ஊருக்குப் போகும்போது சென்னையிலோ மதுரையிலோ போட்டுக்கொண்டு வருகிறவர்கள் நம்மில் நிறையப் பேர், அவர்களுக்கு இது ரொம்பவே முக்கியம். பிராண்டுக்கு பிராண்ட் ஸ்குரூவும் அதைத் திருப்பும் சாவியும் மாறும், விவரம் தெரியாவிட்டால் இங்கே இருக்கும் டாக்டர் அதைக் கழற்றவே திண்டாட வேண்டியிருக்கும். நான் இப்போது இந்த விவரங்களையெல்லாம் பாஸ்போர்ட் வைக்கும் பையில் வைத்திருக்கிறேன், போனிலும் படம் எடுத்து மகளுக்கு அனுப்பியிருக்கிறேன்.

இடப்பக்கம் மட்டும் ஏன் இவ்வளவு மோசமானது என்பது மேல் பல்லைக் கழற்றியபோது தெரிந்தது. சிமெண்ட் வைத்து ஒட்டிய பல் அது. ஒட்டும்போது பிதுங்கிய சிமெண்ட் ஈறுக்குக் கீழே போய், அரிசிக் குருணை அளவுக்கு ஒரு பக்கம் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது. டாக்டர் அதைச் சுரண்டி எடுத்து பஞ்சில் வைத்துக் காட்டினாள். மஞ்சளாக, சொரசொரப்பாக இருந்தது. கிருமி குடியிருக்க அதைவிட வசதியான இடம் வேண்டாம். சிமெண்ட் வைத்த பல் எல்லாமே இப்படி ஆகும் என்று சொல்ல மாட்டேன், வலப்பக்கமும் சிமெண்ட்தான், அங்கே மீதி எதுவும் இல்லை. ஆனால் இப்போது யாராவது புதிதாகப் போடுவதாகச் சொன்னால், ஸ்குரூ போட்டு மாட்ட முடியுமா என்று கேளுங்கள் என்கிறேன். சிமெண்ட்தான் என்றால் மீதி எதுவும் தங்கவில்லை என்று பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

இன்னொரு தப்பும் அந்தப் பல்லில் இருந்தது. பார்க்கக் குண்டாக, அழகாக இருந்தது, ஆனால் அடிப்பக்கம் ஈறை அமுக்கிக்கொண்டு குடை மாதிரி விரிந்திருந்தது. பக்கத்துப் பல்லுக்கும் அதற்கும் நடுவில் பிரஷ் நுழைய வழியே இல்லை. அன்றைக்கு முறுக்கை எடுக்கப் போன பிரஷ்கூட பலமாக அழுத்தினதால்தான் நுழைந்தது. பிறகு செய்த புதுப் பல்லை மாட்டுவதற்கு முன் டாக்டர் என் கையிலேயே பிரஷைக் கொடுத்து, “இரண்டு பக்கமும் விட்டுப் பாருங்க ஆண்ட்டி, போகலைன்னா லேபுக்குத் திருப்பி அனுப்புறேன்” என்றாள். முன்பக்கம் போகவில்லை. நிஜமாகவே திருப்பி அனுப்பினாள், பத்து நாள் கழித்து சரியாக வந்தது. பல்லின் நிறம் பக்கத்துப் பல்லோடு சேருகிறதா என்று கண்ணாடியில் பார்க்கிற நாம், பிரஷ் நுழைகிறதா என்று பார்ப்பதில்லை. பொருத்துகிற நாளில் கேட்க ஒரே ஒரு கேள்வி இருக்கிறதென்றால் அது இதுதான்.

சிகிச்சையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு பக்கமும் சுத்தம் செய்தாள், உலோகம் கீறாத கருவியாலும் மெல்லிய பொடியைக் காற்றோடு பீய்ச்சியும். வலப்பக்கம் அதோடு சரியாகிவிட்டது. இடப்பக்கம் எட்டு வாரம் கழித்து அளந்தபோது ஆழம் கொஞ்சம் குறைந்திருந்தது, ஆனால் ரத்தம் நிற்கவில்லை. அதனால் மரத்துப்போக ஊசி போட்டு ஈறைத் திறந்து, உள்ளே சுத்தம் செய்து தையல் போட வேண்டியிருந்தது. செலவு நாலாயிரம் வெள்ளிக்கு மேல். போன எலும்பு வரவில்லை. நோய் நின்றது. ஈறு கீழே இறங்கிவிட்டதால் உலோகம் ஓர் ஓரம் தெரிகிறது, ஆனால் கடைவாய் என்பதால் வெளியே தெரியாது, தேய்க்கவும் இப்போது சுலபம்.

வலப்பக்கத்துக்கு ஆன செலவோ ஒரு சுத்தம் செய்யும் கட்டணம் மட்டும்.

இதற்கு நடுவில் ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கிப் போட்டால் போதாதா என்று கேட்டேன். போதாது. கிருமிப் படலம் உலோகத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது, அதைக் கருவி வைத்து எடுத்தால்தான் போகும். உப்புத் தண்ணீர், மஞ்சள், கிராம்பு எண்ணெய் எல்லாம் நானும் செய்து பார்த்தவள்தான், கொஞ்சம் இதமாக இருக்கும், படலத்தை எடுக்காது. குளோர்ஹெக்சிடின் வாய்க் கொப்பளிப்பு மருந்து இரண்டு வாரம் கொடுத்தாள், அது சிகிச்சையோடு சேர்த்துக் கொஞ்ச நாளைக்கு மட்டும். தொடர்ந்து போட்டால் பல்லில் பழுப்புக் கறை பிடிக்கும், நாக்கில் ருசியும் மாறும். என்னை மாதிரி நாளைக்கு நாலு தே ஓ கோசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்) குடிப்பவர்களுக்குக் கறை இன்னும் சீக்கிரம் வரும்.

இனி வீட்டில் செய்வது. இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், எல்லாம் இங்கேதான் இருக்கிறது.

முதல் சந்திப்பிலேயே என்னைப் பல் தேய்க்கச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு வாயில் ஒரு சாயம் தடவினாள். அழுக்கு இருக்கும் இடத்தில் மட்டும் நிறம் பிடிக்கும் சாயம். கண்ணாடியைக் கொடுத்தாள். முன்பல் எல்லாம் சுத்தம். இம்பிளாண்டின் கன்னப் பக்கமும் சுத்தம். நாக்குப் பக்கம் ஈறை ஒட்டி ஊதா நிறத்தில் ஒரு வரம்பு, வேஷ்டிக் கரை மாதிரி, கடைசிப் பல் பின்பக்கம்வரை போனது. இரண்டு நிமிஷம் தேய்த்துவிட்டு வந்து நின்றவள் நான். அப்போதுதான் புரிந்தது, ஆறு வருஷமாகத் தினம் இரண்டு வேளை நான் தொடாமலே விட்ட இடம் அது. தினமும் தேய்த்தேன், தினமும் அதே இடத்தை விட்டேன். அந்தச் சாயம் மாத்திரையாகவும் கிடைக்கும், மாதம் ஒருமுறை வீட்டில் போட்டுப் பாருங்கள். வேறு யாரும் சொல்லித் தெரிய வேண்டாம், கண்ணே காட்டிவிடும்.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, படுக்கும் முன்னால் நான் செய்வது இது. மெல்லிய நார் உள்ள சாதாரண பிரஷை ஈறும் பல்லும் சேரும் கோட்டில் சாய்த்து வைத்து, குட்டிக் குட்டி அசைவாகத் தேய்க்கிறேன். நாக்குப் பக்கம்தான் முதலில். கை ஓய்வதற்கு முன்னால் கஷ்டமான இடம் முடிந்துவிட வேண்டும். அப்புறம் ஒற்றைக் குச்சம் உள்ள சின்ன பிரஷ், நுனியில் பென்சில் அளவுக்குத்தான் நார் இருக்கும், அதை இம்பிளாண்டின் கழுத்தைச் சுற்றி ஒரு சுற்று. கடைசிப் பல்லின் பின்பக்கத்துக்கு அதுதான் போகும், வாயைப் பெரிதாகத் திறக்காமல் பாதி திறந்தால் கன்னம் தளர்ந்து இடம் கிடைக்கும்.

பிறகு இடுக்கு பிரஷ். இதில்தான் நிறையப் பேர் தப்பு செய்கிறார்கள், ஒரே அளவு வாங்கி வாய் முழுக்க விடுகிறார்கள். இடுக்குக்கு இடுக்கு அளவு மாறும். நார் இரண்டு பக்கமும் உரச வேண்டும், நடுவில் இருக்கும் கம்பி உரசக் கூடாது, வளைத்துத் திணிக்கவும் கூடாது. சும்மா போய்ச் சும்மா வந்தால் சின்ன அளவு, அதனால் பிரயோஜனம் இல்லை. என் இடப்பக்கத்தில் முன் இடுக்குக்கு 0.6 மில்லிமீட்டர் கம்பி, பின் இடுக்குக்கு 0.8. நிறம் வைத்து நினைவு வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஒவ்வொரு பிராண்டும் ஒவ்வொரு நிறம் கொடுப்பதால் மாற்றி வாங்கும்போது எண்ணைப் பாருங்கள். கம்பிக்கு மேல் பிளாஸ்டிக் பூச்சு உள்ளதாக வாங்குங்கள், வெறும் கம்பி உலோகத்தைக் கீறும். கன்னப் பக்கத்திலிருந்து நாலைந்து முறை, முடிந்தால் நாக்குப் பக்கத்திலிருந்தும். பேஸ்ட் தேவையில்லை. நார் கலைந்துவிட்டாலும் கம்பி வளைந்துவிட்டாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள். என் அளவுகளை டாக்டர்தான் ஒவ்வொரு இடுக்கிலும் விட்டுப் பார்த்து எழுதிக் கொடுத்தாள், நீங்களும் அப்படிக் கேளுங்கள், ஐந்து நிமிஷ வேலை.

இரண்டு மூன்று பல்லைச் சேர்த்துப் பாலம் மாதிரிப் போட்டவர்களுக்கு அடியில் பிரஷ் போகாது, சூப்பர் ஃப்ளாஸ் என்று கிடைக்கும், ஒரு முனை விறைப்பாகவும் நடுவில் பஞ்சு மாதிரியும் இருக்கும், அடியில் கோத்து இழுக்க வேண்டும். தண்ணீர் பீய்ச்சும் கருவி நல்லதுதான், என்னிடமும் இருக்கிறது, உணவுத் துணுக்கை அடித்துக்கொண்டு போகும். ஆனால் அது மட்டும் போதும் என்று பிரஷை விட்டுவிடாதீர்கள். கை நடுக்கம் உள்ள பெரியவர்களுக்கு வேறு வழி இல்லாதபோது அதாவது இருக்கட்டும். ஊக்கால் குத்தும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. என் அம்மா தாலிச் சங்கிலியில் கோத்த ஊக்கை வைத்துத்தான் பல் குத்துவார். இம்பிளாண்ட் பக்கம் ஊக்கும் குண்டூசியும் வேண்டவே வேண்டாம், ஈறு கிழிந்தால் அந்த வழியே உள்ளே போய்விடும்.

மொத்தம் நாலு நிமிஷம் ஆகிறது எனக்கு. ஆரம்பத்தில் பத்து நிமிஷம் ஆனது, எரிச்சலாகவும் இருந்தது. முதல் வாரம் தினமும் ரத்தம் வந்தது. ரத்தம் வருகிறதே என்று நிறுத்திவிடத் தோன்றும், நிறுத்தாதீர்கள், வீங்கின ஈறு அடங்க மூன்று வாரத்துக்கு மேலேகூட ஆகலாம். அழுத்தத்தை மட்டும் குறையுங்கள். ஒழுங்காகச் செய்தும் ஒரு மாதமாக ஒரே இடத்தில் ரத்தம் வந்துகொண்டிருந்தால் அங்கே பிரஷுக்கு எட்டாதது ஏதோ இருக்கிறது, டாக்டரிடம் காட்டுங்கள். சீழ், வாடை, ஈறில் குமிழ், பல் ஆடுவது எல்லாம் ஒரு மாதம் காத்திருக்கும் சமாசாரம் இல்லை, அந்த வாரமே போக வேண்டும். ஆடுவது மேல் பல்லின் ஸ்குரூ தளர்ந்ததாகவும் இருக்கலாம், அப்படியானால் பிழைத்தோம். இம்பிளாண்டே ஆடினால் எலும்பின் பிடி போய்விட்டது என்று அர்த்தம்.

என் அண்ணனுக்கு அப்படித்தான் ஆனது. அண்ணன் கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறார், 2014இல் மூன்று இம்பிளாண்ட் போட்டார், நாளைக்கு ஒரு பாக்கெட் சிகரெட். 2022இல் ஒரு காலை மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) பரோட்டா மாதிரி மெத்தென்று இருக்கும் ரொட்டி சானாய் சாப்பிடும்போது ஒன்று ஆடியிருக்கிறது. ரொட்டி சானாய்! கரும்பைக் கடித்துக்கூட இல்லை. அண்ணி எனக்குத்தான் முதலில் போன் செய்தார். டாக்டர் பார்த்தபோது எலும்பு முக்கால்வாசி போயிருந்தது, கையால் திருகியே எடுத்துவிட்டாராம். அதுவரை ஒருநாள்கூட வலித்ததில்லை என்றார் அண்ணன். சிகரெட் பிடிப்பவர்களுக்கு ஈறின் ரத்த ஓட்டம் குறைந்து, ரத்தம் கசிவதுகூட மறைந்துவிடும், இருக்கிற ஒரே அறிகுறியும் தெரியாமல் போய்விடுகிறது. மீதி இரண்டையாவது காப்பாற்ற வேண்டும் என்று அரசாங்க கிளினிக்கில் புகை நிறுத்தும் ஆலோசனைக்குப் போனார். மூன்றாவது முயற்சியில் விட்டுவிட்டார். அவரிடம் கடுமையாகப் பேசிய ஒவ்வொரு தடவையும் பலன் இல்லை, அந்த எக்ஸ்ரேயை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அண்ணி ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்த அன்றுதான் விட்டார்.

இனிப்பு நீரைப் பற்றியும் சொல்ல வேண்டும், நம் வீடுகளில் அது இல்லாத வீடு குறைவு. 2019இல் நம் சுகாதார அமைச்சு நடத்திய ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது, இந்தியர்களிடம் அதைவிட அதிகம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறின் புண் ஆறுவது தாமதமாகும், கிருமியை எதிர்க்கும் சக்தியும் குறையும். ஈறை அறுத்துச் சுத்தம் செய்வதற்கு முன் டாக்டர் என் எச்பிஏ1சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை எண், கேட்டாள். 9.2. “இதோட செஞ்சா ஆறுறது கஷ்டம் ஆண்ட்டி, முதல்ல இதைக் குறைங்க” என்றாள். பல் டாக்டர் சொல்லித்தான் நான் சர்க்கரையை ஒழுங்காகப் பார்க்க ஆரம்பித்தேன். அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டணத்தில் பார்க்கிற விஷயத்தை அலட்சியமாக விட்டிருந்தேன். பாலும் சர்க்கரையும் போட்ட தே தாரிக் நின்று தே ஓ கோசோங் ஆனது, ராத்திரி சோறு பாதியானது, மாத்திரை மாற்றினார்கள். இப்போது 7.1. பல் டாக்டரிடம் போகும்போது கடைசி ரத்தப் பரிசோதனைத் தாளையும், சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும் கொண்டுபோங்கள். எலும்பு மெலிவுக்கு (ஆஸ்டியோபொரோசிஸ்) மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் அதைக் கட்டாயம் சொல்லுங்கள், தாடை எலும்பில் கை வைப்பதற்கு முன் டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

எத்தனை மாதத்துக்கு ஒருமுறை போவது என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஆளைப் பொறுத்தது. ஈறு நோய் இருந்தவர்கள், இனிப்பு நீர் உள்ளவர்கள், புகைப்பவர்கள் மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை, மற்றவர்கள் ஆறு மாதம் வரை போகலாம் என்பது என் டாக்டர் கணக்கு. ஐரோப்பிய ஈறு மருத்துவக் கூட்டமைப்பு 2023இல் இதற்கென்றே ஒரு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. அதிலும் தடுப்பு வேலை இம்பிளாண்ட் போடும் முன்னாலேயே தொடங்கி, போட்ட பிறகு வாழ்நாள் முழுக்கத் தொடர வேண்டும் என்றுதான் இருக்கிறது. போகும்போது மேலே கல் எடுத்துப் பாலிஷ் போட்டு அனுப்பிவிட்டால் திருப்தியாகிவிடாதீர்கள். சுற்றிலும் அளந்தீர்களா, ரத்தம் வந்ததா, போன தடவை எண் என்ன, இந்தத் தடவை என்ன என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ளும் டாக்டர் யாரையும் நான் பார்த்ததில்லை. என் டாக்டர் சந்தோஷப்படுகிறாள்.

தடவைக்கு ஆகும் செலவு 200, 250 வெள்ளி. வேலையை விட்டு நின்றவளுக்கு அது சின்னத் தொகை இல்லை. மாதாமாதம் ஒரு டப்பாவில் 70 வெள்ளி போட்டு வைக்கிறேன், இதற்கு மட்டும் என்று. இம்பிளாண்ட் போட யோசிக்கிறவர்கள் விலை கேட்கும்போதே இந்தப் பராமரிப்புச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அது முடியாது என்றால், கழற்றி மாட்டும் பல் செட்டோ வேறு வழியோ உங்களுக்குப் பொருந்துமா என்று டாக்டரிடம் மனம் விட்டுப் பேசுங்கள், அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. அண்ணன், அந்த இம்பிளாண்ட் போன இடத்தில் மறுபடி இம்பிளாண்ட் போடவில்லை, கழற்றி மாட்டும் பல்தான் வைத்திருக்கிறார், நன்றாகச் சாப்பிடுகிறார்.

போன மாதம் ஃபெர்ரியில் அக்கரை போய், லிட்டில் இந்தியாவில் பூ வாங்கி மகாமாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு டாக்டரிடம் போனேன். நர்ஸ் பழைய தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். வலப்பக்கம் “மூணு, மூணு, மூணு, மூணு, ரெண்டு, மூணு.” ரத்தம் இல்லை. இடப்பக்கம் “மூணு, நாலு, நாலு, மூணு, மூணு, நாலு.” பின்பக்கம் நாக்கோரத்தில் மட்டும் ஒரு புள்ளி ரத்தம். டாக்டர் என் பையிலிருந்த பிரஷை வாங்கி அந்த இடுக்கில் விட்டுப் பார்த்தாள். தளர்வாகப் போய் வந்தது. “இங்க இடம் கொஞ்சம் பெருசாயிருக்கு ஆண்ட்டி, அடுத்த அளவு எடுங்க” என்று மேசை டிராயரிலிருந்து 1.1 மில்லிமீட்டர் பிரஷ் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். தாளில் அதையும் எழுதி, மூன்று மாதம் கழித்து அடுத்த தேதி போட்டிருக்கிறது.